நேர்ந்துவிட்ட முழங்கால்

என் வலது முழங்கால் இனிப் பாதிதான் மடங்கும். இதை எழுதும்போதும் அது நீட்டியபடி, கவிழ்த்து வைத்த மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல், வேறு யாரோ என் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடக்கிறது. கெலாங் பாத்தா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். அப்புறம் என் முகத்தை. பிறகு எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள், எப்படி வந்தது என்று. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் தேய்கிறது, ஒரு பக்கம் வளர்ந்துவிடுகிறது. அதனால் ஒரே தடவை நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். முழங்காலில் நிற்கிறவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்கு ஆகட்டும்.

நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். அதோடு, எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் வேதக்காரக் குடும்பங்களுக்கு உபதேசியார். சாமியார் ஜொகூர் பாருவிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பூசை வைக்க வருவார். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் சின்னக் கோயிலில் மாலை செபமாலை சொல்வதும், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடத்துவதும், செத்தவர்களைச் செபமந்திரம் சொல்லி அடக்கம் பண்ணுவதும் என் பொறுப்பு.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செபமாலை நீளும்போது யாருக்கு அலுத்தாலும் அப்படியே குதிகால்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சிகள் சம்மணம் போடலாம். வயதானவர்கள் பலகைச் சுவரில் சாயலாம். உபதேசியார் மட்டும் உட்காரக் கூடாது. முழங்காலில் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். அவர் நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் மற்றவர்களுடைய அசதியை ஆண்டவர் பாராட்ட மாட்டார் என்பது அவர்கள் எண்ணம். யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்கள் இருக்கும்போது சட்டம் எதற்கு? இருட்டோடு எழுந்து, மரம் மரமாய்க் குனிந்து பால் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்காக ஒருவன் நிமிர்ந்து நிற்பது ஒரு பெரிய காரியமா? எனக்கு அதில் ஒரு சுகமே இருந்தது. வெளியே மரக்காடு இருட்டிக்கொண்டு வரும், மந்திரம் அலை அலையாய் முதுகில் வந்து மோதும், நான் கரையில் நட்ட கம்பம் மாதிரி நிற்பேன்.

அப்போது தரை மண்தரை. பிறகு புகைக்கூடத்துக்கு வாய்க்கால் கட்டி மிஞ்சிய சிமெண்டைத் துரை கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து தரை போட்டோம். எவ்வளவு சந்தோஷம்! முகம் தெரிகிற தரை. அந்தத் தபசு காலத்தில்தான் முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே ஒரு புடைப்பு எழும்பியது. முதலில் ஒரு புளியங்கொட்டை அளவு. வலி இல்லை, தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி நழுவும். பெரிய வெள்ளி வருவதற்குள் அது கோழி முட்டை அளவாகிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் மலையாளத்து நாயர். டிரெசர் என்று கூப்பிடுவோம். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாருக்கு நாற்காலி வேலைதானே. பின்னே இந்த முட்டி எங்ஙன தேஞ்சது?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே விளக்கினார். உடம்பில் எலும்பும் தோலும் உரசிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் மெல்லிய பைகள் இருக்கின்றனவாம். விளக்கெண்ணெய் மாதிரி வழுவழுப்பான நீர் அவற்றுக்குள் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. எலும்பு நகரும்போது தோல் கிழியாமல் இருப்பதற்காக வைத்த தலையணைகள். முழங்காலைச் சுற்றி மட்டும் பல. இங்கிலீஷில் பர்ஸா என்று பெயர். ஓயாமல் அழுத்தினால் அந்தப் பை கோபித்துக்கொண்டு தடிக்கும், நீரைச் சுரந்து சுரந்து வீங்கும். அழுத்தாமல் விட்டால் தானாக வற்றும். மருந்து அவ்வளவுதான். ஐயோடினைத் தடவி, துணி சுற்றி, இனி ஒரு மாதம் முட்டி போடாதே என்றார்.

தபசு காலத்தில் உபதேசியார் முட்டி போடாமல் இருப்பதாவது. சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலம், பதினாலு தடவை விழுந்து எழ வேண்டும். விழுந்தேன், எழுந்தேன். உயிர்த்த ஞாயிறு கழிந்து, பள்ளிக்கூடமும் லீவு விட்டபிறகுதான் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டினேன். அருளாயி, என் வீட்டுக்காரி, தினமும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் வற்றியது. ஒருநாள் காலை அவள் விரலால் அமுக்கிப் பார்த்தாள்; புடைப்பு இருந்த இடத்தில் தோல் மட்டும் தொளதொளத்தது. அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

"என்னாங்க, மாதா கேட்டுட்டாங்க. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வீக்கம் வத்துனா, மாதா மாசத்துல ரோட்டுச் சிலுவையிலேருந்து பீடம் வரைக்கும் முட்டியிலயே வருவீங்கன்னு பொருத்தன வச்சிருந்தேன்."

"யாரு? நானா?"

"பின்ன? முட்டி உங்களுதுதான?"

எங்களில் இது புதிதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் பிள்ளையின் முடியை நேர்ந்துகொள்வாள். புருஷனுக்கு வேலை போனால் பெண்சாதி புருஷனின் தாடியை நேர்ந்துகொள்வாள். அடுத்தவர் உடம்பை நேர்ந்துகொள்வது எங்கள் அன்பின் ஒரு வழி. யார்மேல் உரிமை அதிகமோ, அவர்கள் உடம்பைத்தான் நேர்வோம். அவள் என் முழங்காலை மாதாவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. டிரெசரிடம் மட்டும் சொல்லவில்லை.

முழங்கால் குணமானதற்கு நன்றியாக அதே முழங்காலைக் கொண்டுபோய்ச் சரளைக் கல்லில் இழைப்பது. எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது! அன்று எங்களில் ஒருவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. மே மாதத்து ஞாயிறு ஒன்றில், செம்மண் ரோட்டோரச் சிலுவையடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இறங்கினேன். சனங்கள் இரண்டு பக்கமும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் எனக்கு முன்னால் சேலைகளை விரிக்கப் போனார்கள். பொருத்தனை கெட்டுவிடும் என்று அருளாயிதான் தடுத்தாள். பாதி வழியில் தோல் கிழிந்தது தெரிந்தது. ஈரம் தெரிந்தது. கோயில் வாசற்படி வந்தது. வலது காலைத் தூக்கிப் படிமேல் வைக்க வேண்டும். வைத்தேன். கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடத்தடியில் கிடத்தினார்களாம். வாசற்படியிலிருந்து பீடம் வரைக்கும் நான் முழங்காலில் போகவில்லை. அந்தக் கொஞ்ச தூரம் பாக்கி நின்றுவிட்டது.

அந்தப் பாக்கிதான் பின்னால் எங்களைப் படாத பாடு படுத்தியது.

இரண்டொரு நாளில் முழங்கால் சிவந்தது. முன்பு நீர் நின்ற இடத்தில் இப்போது நெருப்பு நின்றது. துணி பட்டால் துடித்தேன். குளிர்க் காய்ச்சல் வந்து கட்டில் ஆடியது. டிரெசர் நாயர் வந்து காயத்தில் ஒட்டியிருந்த சரளைத் துணுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அருளாயியைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. யாராவது முன்னமே சொல்லியிருப்பார்கள். இது இனி என் கையில் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, ரப்பர் தட்டு ஏற்றிப்போகும் தோட்டத்து லாரியில் இடம் கேட்கப் போனார். புகைபோட்ட ரப்பரின் நாற்றத்துக்கு நடுவே, அருளாயியின் மடியில் காலை வைத்துக்கொண்டு ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொரு குழிக்கும் அவள் என் காலைக் கையால் ஏந்திக்கொண்டாள். லாரி இறங்கும்போது காலும் அவள் கையில் இறங்கும், ஏறும்போது ஏறும்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் ஒரு நீண்ட வராந்தா. விசுப்பலகையில் சீனர், மலாய்க்காரர், நம்மவர்கள், எல்லோரும் அவரவர் வலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரைதான். மழமழவென்று இருந்தது.

டாக்டர் சிலோன்காரர், தமிழர். நரைத்த மீசை, மெல்லிய குரல். முழங்காலைத் தொடுவதற்கு முன் தன் கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை. காலைத் தளர விடச் சொல்லி, கணுக்காலைப் பிடித்து, மிக மெதுவாக, ஒரு விரற்கடை அளவுக்கு மடக்கி நீட்டினார். நான் அலறாமல் இருந்தேன். அவர் மூச்சு விட்டார். அதுதான் சோதனையாம். எலும்புகள் கூடுகிற மூட்டுக்குள்ளேயே சீழ் பிடித்திருந்தால், மயிரிழை அசைந்தாலும் மனிதன் கூரையைப் பிளப்பான். பைக்குள் மட்டும் பிடித்திருந்தால் இவ்வளவு மடக்கப் பொறுக்கும். பிறகு ஒரு பக்கமாக ஊசியைப் பையில் குத்தி இழுத்தார். கண்ணாடிக்குள் பச்சையும் மஞ்சளுமாக ஒன்று ஏறியது. அது என் உடம்பிலிருந்து வந்தது என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உபதேசியார், உமக்கு மறைக்காமல் சொல்றன். சீழ் இப்ப வெளியறையில நிக்குது. நடுவில ஒரு சுவர். அது தாங்கினால் கால் உமக்கு. உள்ளறைக்குள்ள போயிட்டுதெண்டால் தொடையோட எடுக்கவேணும். இல்லையெண்டால் ஆளே இல்லை."

அருளாயி கதவுக்கு அப்பால் நின்றாள். கேட்டுவிட்டாள் என்பது அவள் முக்காட்டை இழுத்துவிட்டதில் தெரிந்தது.

அன்றே அறுத்தார்கள். மூக்கின்மேல் துணியை வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டார்கள், தித்திப்பான வாசனை. கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. விழித்தபோது கால் ஒரு நீளப் பலகையோடு கட்டப்பட்டிருந்தது. சில்லுக்கு இரண்டு பக்கமும் கீறி, சீழ் வடிவதற்காக ஒரு குழாயைக் குறுக்கே விட்டிருந்தார்கள். சிவப்பு ரப்பர்க் குழாய். எங்கள் தோட்டத்துப் பால் எந்தக் கப்பலேறி, எந்தச் சீமை ஆலையில் வெந்து, இப்படிக் குழாயாகித் திரும்பி வந்ததோ. மரத்தைக் கீறிப் பால் வடித்தோம். அதே பால் குழாயாகி, என்னைக் கீறிய இடத்தில் வடித்துக்கொண்டு கிடந்தது. மரம் என்ன நினைத்திருக்கும் என்று அன்று முதல் தடவையாக யோசித்தேன்.

பக்கத்துக் கட்டில் வீராசாமிக்கு. ரயில்வேயில் தண்டவாளம் தூக்குகிறவர். தண்டவாளம் காலில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெட்டி மிஞ்சிய காலை ஒரு தலையணைமேல் வைத்து, விருந்தாளி மாதிரி உபசரித்துக்கொண்டிருப்பார். நான் அதைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவர் கவனித்துவிட்டார்.

"நல்லாப் பாத்துக்குங்க உபதேசியாரே. பழகிட்டா பயமில்ல. எனக்கு என்ன நட்டம்? கொசுக்குத்தான் கடிக்கிற எடம் ஒண்ணு கொறஞ்சுபோச்சு."

என் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர். உங்க சாமிக்கு முட்டி, எங்க சாமிக்கு முதுகு, ரெண்டு பேருக்கும் கடைசியில ஆஸ்பத்திரிக்காரன்தான் பதில் சொல்லணும் என்றார். சிரித்தேன். சிரித்தது முழங்காலில் வலித்தது.

சீழ் வடிந்தது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. காலையில் இறங்குகிற மாதிரி காட்டும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறிவிடும். டாக்டர் தினமும் கட்டுகளைத் தளர்த்தி அந்த ஒரு விரற்கடையை மடக்கிப் பார்ப்பார். அவர் கை என் கணுக்காலைத் தொடும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். இன்றைக்கு அலறுவேனா? மற்ற நேரமெல்லாம் அந்தச் சுவரையே நினைத்துக் கிடந்தேன். கையகலம்கூட இருக்காது. வெற்றிலை மாதிரி ஒரு சவ்வாக இருக்கும். அதன்மேல் என் கால் நிற்கிறது, என் பள்ளிக்கூடம் நிற்கிறது, அருளாயியின் சோறு நிற்கிறது. தூரத்தில் சிங்கப்பூர் ரயில் கடலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கும். அதிர்ச்சியில் சுவர் இடிந்துவிடுமோ என்று முழங்காலைக் கையால் மூடிக்கொள்வேன். காய்ச்சலில் புத்தி அப்படியெல்லாம் போகும்.

அருளாயி ஊருக்குள் தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். பார்க்க விடும் நேரம் திறந்ததும் முதல் ஆளாக வருவாள். கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் கொண்டுவருவாள். என் கால் நகங்களை வெட்டுவாள். கெட்ட கால் நகங்களை வெட்டும்போது மட்டும் கத்தரியை ஒவ்வொரு தடவையும் முந்தானையில் துடைத்துக்கொள்வாள். வீராசாமிக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி உண்டு. அவள் பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று. ஒருநாள் நகம் வெட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"அந்த மிச்ச தூரந்தாங்க உங்களப் போட்டு எரிக்குது. வாசப்படியில நிறுத்துனது தப்பு. மிச்சத்த நான் போயிடுறேன்."

போகக் கூடாது என்றேன். உன் முழங்காலும் இப்படித்தான் ஆகும் என்றேன். ஆனால் ஆகட்டும் என்றாள். உபதேசியாராக எத்தனையோ பேருக்குப் பொருத்தனையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தப் படுக்கையில் என் வீட்டுக்காரியிடம் முழங்காலைப் பற்றி மட்டும்தான் பேசினேன். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவள் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன என்ற பயம் எனக்கும் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. பார்க்கும் நேரம் திறந்தது, கூட்டம் வந்தது, கட்டில்களைச் சுற்றிச் சத்தம் நிறைந்தது. என் கட்டிலைச் சுற்றி மட்டும் காலி. அது தோட்டத்து லாரி திரும்பிப் போகிற நாள். ஏறிப் போயிருப்பாள் என்று நிச்சயமாக நம்பினேன். எழுந்திருக்கப் பார்த்தேன். பலகை என்னைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டது. சும்மா கிடங்க, பலகையோட எங்க போவீங்க என்று வீராசாமி அதட்டினார். நான் சனங்களின் கால்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எல்லோருக்கும் முழங்கால் மடங்கியது. எவ்வளவு சுலபமாக மடங்கியது!

நேரம் முடிகிற சமயத்தில் வந்தாள். பின்னால் வெள்ளை அங்கியில் எங்கள் சாமியார். அவள் சேலையில் முழங்கால் இருக்கும் இடங்கள் இரண்டிலும் செம்மண் வட்டமாக அப்பியிருந்தது. லாரியில் போகவில்லை. ஜொகூர் பாருக் கோயிலுக்கே போயிருக்கிறாள். எந்தக் கோயிலாக இருந்தாலும் மாதா ஒருத்திதானே என்று வெளி வாசலிலேயே முழங்காலில் இறங்கியிருக்கிறாள். சாமியார் பார்த்துவிட்டார்.

சாமியார் பிரான்சு தேசத்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். அவர் பேச்சில் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாது. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீர் மாதாவுக்கு எதைக் கொடுப்பதாகச் சொன்னீர்?"

"இவரு முட்டிய, சாமி."

"அது உம்முடையதா?"

அவள் சேலையில் அப்பியிருந்த செம்மண்ணைத் தட்டினாள்.

"அடுத்தவருடைய முழங்காலை நேர்ந்துகொள்ள உமக்கு அதிகாரம் இல்லை. பொருத்தனை, வைத்தவரை மட்டும்தான் கட்டும். உம்முடையதல்லாத ஒன்றை நீர் கொடுத்தால் மாதா அதை வாங்க மாட்டார்கள். ஆகையால் பாக்கி என்று ஒன்றும் இல்லை."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லாதீங்க, சாமி." அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஒண்ணுமே இல்லன்னா, இவரு இப்பிடிக் கெடக்குறது எதுக்கு?"

 சாமியார் படித்துவந்த புத்தகத்தில் அதற்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது. வீராசாமி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாமியார் அவள் கைகளைப் பார்த்தார். கஞ்சித் தூக்கின் கம்பி பதிந்த கைகள்.

"அந்தக் கைகள் உம்முடையவை அல்லவா?"

"ஆமா, சாமி."

"அப்படியானால் அவற்றை நேர்ந்துகொள்ளும். இந்தப் புண் மூடுகிற வரைக்கும், தினந்தோறும், இவருக்குக் கட்டு மாற்றும். பழைய பொருத்தனைக்குப் பதிலாக நான் இதை வைக்கிறேன். எனக்கு அந்த அதிகாரம் உண்டு."

அவள் யோசித்தாள். மலிவாக முடிந்துவிடுகிறதோ என்று சந்தேகப்படுகிறவள் மாதிரி யோசித்தாள்.

"கால எடுத்துட்டாங்கன்னா?"

"அப்போதும் புண் இருக்கும், அம்மா."

முட்டி போடாமல் கட்டச் சொல்லுங்கள் என்றேன் நான். முட்டி போடாமல் என்று அவர் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தலையசைத்தாள்.

டாக்டரிடம் கேட்டார்கள். அவர் மீசைக்குள் சிரித்து, அனுமதித்தார். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவது, துணியைக் கொதிக்க வைத்துக் குறட்டால் எடுப்பது, மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக விடுவது, எல்லாவற்றையும் ஒரு நர்ஸ் அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். முதல் நாள் பழைய துணியைப் பிரித்ததும் உள்ளே இருந்ததைப் பார்த்து அவள் உதடு வெளுத்தது.  நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை.

அந்த வாரத்துக்குள் ஒரு மாலை காய்ச்சல் ஏற மறந்துவிட்டது. மறுநாளும் ஏறவில்லை. குழாயில் வருவது தண்ணீராகத் தெளிந்தது. டாக்டர் ஒருநாள் அந்த ஒரு விரற்கடையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மடக்கினார். நான் பல்லைக் கடித்தேன், அவ்வளவுதான். சுவர் தாங்கிப்போட்டுது என்றார். காலை எடுக்க வேண்டாம். ஆனால் சுவர் காய்ந்து தடித்து இறுகுமாம். இனி இந்தக் கால் பாதிதான் மடங்கும், முழங்காலில் நிற்பது இந்தச் சென்மத்தில் இல்லை. வீராசாமி தன் கட்டிலில் இருந்தபடி எனக்கு ஒரு சலாம் வைத்தார். அருளாயி அழவில்லை. எது தாங்கியது, யார் தாங்க வைத்தது என்று டாக்டரைக் கேட்கவுமில்லை. கட்டு மாற்றுகிற நேரமாகிவிட்டது என்று தண்ணீர் வைக்கப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது குழாய் இல்லை, புண் இருந்தது. இரண்டு கீறல்களில் ஒன்று சீக்கிரம் மூடிக்கொண்டது. மற்றது வாயைத் திறந்துகொண்டே கிடந்தது. தினமும் விடிந்ததும் அடுப்பில் துணி கொதிக்கும். நான் கட்டிலில் காலை நீட்டுவேன். அவள் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். முழங்கால் தரையில் படாதபடி கவனமாக உட்கார்வாள். பிரிப்பாள், கழுவுவாள், உற்றுப் பார்ப்பாள், கட்டுவாள். அந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் சாதாரணப் பேச்சு: கோழி எங்கே முட்டையிட்டது, எந்த லயத்தில் சண்டை. ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் அவ்வளவு நேரம் தினமும் கிட்டத்தில் பார்த்துக்கொண்டதில்லை.

கோயிலில் நான் இப்போது நிற்கிறேன். முழங்காலில் இல்லை, காலில். சாய்ந்துகொள்வதற்காகப் பக்கச் சுவரோரம், சனங்களைப் பார்த்தபடி. இத்தனை வருஷம் முதுகால் மட்டுமே தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு மந்திரம் சொல்கிறேன். யார் தூங்குகிறார்கள், யார் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள், யார் கண்ணில் தண்ணீரோடு சொல்கிறார்கள், எல்லாம் தெரிகிறது. வாத்தியாரு கோயில்லயும் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாரு என்று பின்னால் ஒருத்தி கேலி செய்ததாகக் கேள்வி. நான் முழங்காலில் இல்லாததால் யாரும் உட்காரவில்லை. ஒருநாள் செபமாலைக்கு நடுவில், யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டேன்: எல்லோரும் குதிகால்மேல் உட்காருங்கள் என்றேன். தயங்கினார்கள். பிறகு மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தார்கள்.

போன வாரம் டிரெசர் நாயர் வந்து பார்த்தார். கீறலை விரலால் அழுத்தினார், வெளிச்சத்தில் திருப்பினார். மூடிவிட்டது, இனித் துணி வேண்டாம், காற்றுப் படட்டும் என்றார். அருளாயி அடுப்படியில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் துணி கொதிக்கும் வாசனை வந்தது. சட்டியோடு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறிடுச்சு, அருளு," என்றேன்.

"தெரியும். கால நீட்டுங்க."

நீட்டினேன். கழுவுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தைக் கழுவினாள். வழக்கம்போல உற்றுப் பார்த்தாள். துணியைச் சுற்றினாள், இறுக்காமல், தளரவும் விடாமல், முடிச்சைப் பக்கவாட்டில் போட்டாள். அன்று முழுவதும் ஆறிய முழங்காலில் வெள்ளைத் துணியோடு பள்ளிக்கூடத்தில் நின்றேன். இன்னும் வலிக்குதா சார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை என்றேன். பின்னே கட்டு எதற்கு என்றார்கள். வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன்.

மாலையில் அவளே வந்து அவிழ்த்தாள். துணியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கோயிலுக்கு மணி அடிக்கிற நேரம் தாண்டியது. சனங்கள் காத்திருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். கையை அவள் எடுக்கவில்லை. நானும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.